அந்தப் பணத்துக்கு ஒரு பெயர் எழுதுங்கள்

பெறுநர்: நிறுவனத்தின் தலைவர், நிர்வாக இயக்குநர், இயக்குநர் குழு உறுப்பினர்கள்

உங்கள் 2024-25 ஆண்டறிக்கையில் பணப்பாய்வு அறிக்கை இருக்கும் பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ‘முதலீட்டு நடவடிக்கைகள்’ என்ற தலைப்பின் கீழ் குறுகியகால முதலீடுகள் வாங்கப் போன பணம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியில் உள்ள தொகை, நிலம், கட்டிடம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நீங்கள் அந்த வருடம் செலவிட்டதைவிடப் பெரியது. அதே வருடம் எங்கள் ஊருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த பழைய குழியைச் சுற்றி வேலி போடுவது இப்போதைய நிதி நிலைமையில் இயலாது, பின்னர் பரிசீலிக்கப்படும் என்று அதில் இருந்தது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. இதன் ஒரு பிரதி பதிவுத் தபாலில் உங்களுக்கு வந்து சேரும், அதனால் யாருக்கு எழுதியது என்பதில் உங்களுக்குக் குழப்பம் இருக்காது. பெயர் போட்டால் அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் மற்ற கம்பெனிகள் ‘இது நமக்கில்லை’ என்று இருந்துவிடும். அவர்களும் படிக்கட்டும்.

வெளியில் உள்ளவர்களுக்கு நீங்கள் ஒரு சிமென்ட் நிறுவனம். எங்களுக்கு நீங்கள் மைன்ஸ்காரர்கள். மதியம் சங்கு ஊதும், கொஞ்ச நேரத்தில் வெடி அதிரும், சமையல்கட்டு அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். என் அப்பா 1996-ல் இரண்டரை ஏக்கர் மானாவாரிக் காட்டை உங்களுக்கு எழுதிக் கொடுத்தார். பருத்தியும் சோளமும் மாறி மாறி வந்த கரிசல் நிலம். நான் இப்போது திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். உங்கள் நிறுவனத்தில் எனக்கு 50 பங்குகள் இருக்கின்றன. லாபத்துக்காக வாங்கவில்லை. ஆண்டறிக்கை என் பெயருக்கு வரவேண்டும், ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்று வாங்கினேன். நீங்கள் தரும் டிவிடெண்டை நானும் வாங்கிக்கொள்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்குத் தெரிந்தவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: அந்த வரியில் இருப்பது மொத்தத் தொகை, அதே பணம் லிக்விட் ஃபண்ட் என்கிற குறுகியகால மியூச்சுவல் ஃபண்டுக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கும், பத்து ரூபாய் பத்து முறை சுற்றினால் நூறு ரூபாய் வாங்கியதுபோலத் தெரியும் என்று. உண்மைதான், எனக்கும் தெரியும். அதனால் கீழே ‘குறுகியகால முதலீடுகளை விற்றதில் வந்த பணம்’ என்ற வரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிறகு இருப்புநிலைக் குறிப்பில் ‘நடப்பு முதலீடுகள்’ போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று சரிபார்த்தேன். கூடியிருக்கிறது. வேலிக்குப் பணமில்லை என்று நீங்கள் எழுதிய வருடத்தில், இப்படிக் குறுகியகால முதலீடுகளில் நீங்கள் போட்டு வைத்திருந்த பணம் குறையவில்லை, கூடியிருக்கிறது. இதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்கிறேன். கூட்டங்களில் உங்கள் எதிரே வைக்கப்படும் வரைபடத்தில் அது ஒரு நீல நிறத் திட்டாக இருக்கும். அப்பாவின் நிலமும் அதை ஒட்டிய ஏழெட்டுப் பேர் நிலமும் சேர்ந்த குழி அது. 2012 வாக்கில் கல் எடுத்து முடித்துவிட்டீர்கள். இயந்திரங்கள் அடுத்த பக்கம் போய்விட்டன. குழி அப்படியே கிடக்கிறது. ஆழம் நூறு அடி இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வெயிலில் பச்சையாகத் தெரியும். ஓரத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டதால் விளிம்பு எங்கே முடிகிறது என்று பக்கத்தில் போனால்தான் தெரியும். ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்கு வழி அதன் ஓரமாகத்தான் போகிறது. பாதை முன்பே இருந்தது, குழி பிறகு வந்தது.

2020 கார்த்திகையில் நல்ல மழை. என் அத்தை வீட்டு ஆடு ஒன்று விளிம்பில் தழை கடிக்கப் போய் மண் சரிந்து உள்ளே விழுந்தது. அதைப் பார்க்க ஓடிய அத்தையின் பேரன், அப்போது அவனுக்கு ஒன்பது வயது, அவனும் சறுக்கிவிட்டான். நேராகத் தண்ணீரில் விழாமல் இடையில் இருந்த ஒரு கல் திட்டில் விழுந்ததால் உயிர் பிழைத்தான். இடுப்பு எலும்பு உடைந்தது. கயிறு கட்டி இறங்கி அவனை மேலே கொண்டுவந்தவர்கள் ஊர்ப் பையன்கள். தஞ்சாவூரில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நடக்கிறான், ஒரு காலைச் சற்று இழுத்தபடி. மைதானத்தில் மற்ற பிள்ளைகள் ஓடும்போது அவன் ஸ்கோர் எழுதுகிறான்.

ஆடு செத்துவிட்டது. அத்தை அதைப் பற்றி இன்றைக்கும் பேசமாட்டார். பேரனைப் பற்றியும் அதிகம் பேசமாட்டார். ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனது தன் தப்புதான் என்று முடிவே செய்துவிட்டார். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிறது. தப்பு அவருடையது இல்லை. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், திறந்தவெளிச் சுரங்கத்தின் மேல் விளிம்பைப் பாதுகாப்பாக வேலியிட்டு வைத்திருக்கவேண்டும் என்று சொல்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அந்த விதிகளுக்குள்தான் வருகிறது. ஆடு மேய்க்கும் ஒரு கிழவி விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஊகித்து நடக்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

2021 தையில் ஊர்க்காரர்கள் 140 பேர் கையெழுத்திட்ட மனுவை உங்கள் சுரங்க அலுவலகத்தில் கொடுத்தோம். பதில் இல்லை. அடுத்த வருடம் இன்னொரு மனு. உங்கள் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு விண்ணப்பம் போடுங்கள் என்றார். மரியாதையான மனிதர், குழியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஆனால் அவர் சொன்ன வழி தவறு. நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிடுகிறீர்கள். ஆனால் வேறொரு சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கும் வேலையை அந்தக் கணக்கில் காட்டக்கூடாது என்று சி.எஸ்.ஆர். விதிகளே சொல்கின்றன. உங்கள் குழிக்கு வேலி போடுவது தர்மம் இல்லை, உங்கள் கடமை. நாங்கள் அதற்கு ‘பயனாளிகள்’ என்று விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குழியைச் சுற்றி நடந்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அரியலூரில் கம்பி வலை வேலி போடும் இரண்டு காண்டிராக்டர்களிடம் விலை கேட்டேன். கல்தூண், கம்பி வலை, கூலி எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்ன தொகை ஒரு புது டிப்பர் லாரியின் விலைக்குள் அடங்கிவிடுகிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், நாலு கோடி ரூபாயை ஒரு வருடம் லிக்விட் ஃபண்டில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டு வைத்தால் வரும் 26 லட்சத்தில் வேலியே முடிந்துவிடும். முதலைத் தொடவேண்டாம். ஒரே ஒரு வருடத்து வட்டி போதும். நீங்கள் போட்டு வைத்திருப்பது நாலு கோடி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேலி அவசரமான விஷயம், அதனால் முதலில் சொன்னேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

போன ஆண்டுக் கூட்டத்தில் பேச நான் முன்பதிவு செய்திருந்தேன். காணொளியில் நடந்த கூட்டம். எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: ‘சுரங்க மீளமைப்புக்கான ஒதுக்கீடு என்று கணக்கில் காட்டியிருக்கிறீர்களே, அதற்கு எதிராகத் தனியாக ஒதுக்கிவைத்த பணம் எங்கே இருக்கிறது?’ கணக்கியல் தரநிலைகளின்படி ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அப்புறம் என் மைக்கை மியூட் செய்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள்.

அந்தப் பதில் ஒன்றுமே சொல்லவில்லை என்பது அந்தத் திரையில் இருந்த உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக விளக்குகிறேன். கணக்கில் ‘ஒதுக்கீடு’ என்பது ஓர் எண். எதிர்காலத்தில் இந்தக் குழியைச் சீர்செய்ய இவ்வளவு ஆகும் என்று மதிப்பிட்டு, அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்து எழுதுவார்கள். முப்பது வருடம் கழித்துப் பத்து ரூபாய் செலவாகும் என்றால், 8 சதவீதக் கணக்கில் இன்றைக்கு அது ஒரு ரூபாயாகத்தான் தெரியும். அந்த ஒரு ரூபாயும் எந்தப் பெட்டியிலும் இல்லை. புத்தகத்தில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். லிக்விட் ஃபண்டில் இருப்பதோ உண்மையான பணம். நாளைக்குக் காலையில் விற்றால் மறுநாள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். எங்களுக்கு நீங்கள் தரவேண்டியது புத்தகத்தில் எழுத்தாக இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது கையில் பணமாக இருக்கிறது.

அரசு இதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் 2017-ன்படி சுரங்கத்தை மூடிச் சீர்செய்வதற்காகச் சுரங்கக்காரர்கள் நிதி உத்தரவாதம் கொடுக்கவேண்டும். ‘ஏ’ வகை என்கிற பெரிய இயந்திரச் சுரங்கத்துக்கு ஒரு ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாய் என்று இருந்ததை 2021-ல் 5 லட்சமாக உயர்த்தினார்கள். அப்பா விற்ற இரண்டரை ஏக்கர் கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேர்தான். அதில் முப்பது மீட்டர் ஆழம் வெட்டினால் மூன்று லட்சம் கனமீட்டர் பள்ளம். 5 லட்சம் ரூபாயை அதில் வகுத்தால் ஒரு கனமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபத்தேழு காசு வருகிறது. ஒரு கனமீட்டர் மண்ணை அந்தக் காசுக்கு வாரிப் போட எங்கள் ஊரில் ஆள் கிடைக்காது, எந்த ஊரிலும் கிடைக்காது. அதுவும் பெரும்பாலும் வங்கி உத்தரவாதமாகத்தான் போகிறது.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேறு முறை இருக்கிறது. 2009-ல் நிலக்கரி அமைச்சகம் போட்ட வழிகாட்டுதலில், திறந்தவெளிச் சுரங்கமாக இருந்தால் ஒரு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று தொடங்கினார்கள், அந்தத் தொகை பிறகு மாறியது. வருடாவருடம் எஸ்க்ரோ என்ற பூட்டிய கணக்கில் நிஜப் பணத்தைக் கட்டவேண்டும். நிலக்கரிக் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாமல் அதைத் தொடமுடியாது. மீளமைப்பு வேலை செய்து காட்டினால் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தொகை போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு வேலை குறித்து வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததைச் செய்யக்கூடாது என்றும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டுகிறோமே என்று நீங்கள் சொல்லலாம். சரி, கட்டுகிறீர்கள். 2015 ஜனவரிக்கு முந்தைய குத்தகை என்றால், வெட்டும் கல்லுக்கு அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 30 சதவீதம். சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய் என்பதால், அது 24 ரூபாய். அந்தப் பணம் மாவட்ட நிர்வாகம் வழியாகக் குடிநீருக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது, போகட்டும். நீங்கள் தோண்டிய குழியை நீங்கள் சீர்செய்யவேண்டிய பொறுப்பை அது தீர்ப்பதில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் கனிம நிலவரி விதித்ததைப் பற்றி உங்கள் ஆண்டறிக்கையில் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியால் உங்களுக்குச் சுமை கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அறிக்கையில் சுரங்கங்களை மூடுவது பற்றி நாலே வரிதான் இருக்கிறது.

என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நிலம் விற்ற பணம் கைக்கு வந்தபோது அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குமுன் அவ்வளவு பணத்தை அவர் பார்த்ததே இல்லை. வங்கி மேனேஜர் சொன்னபடி ஒரு வருட டெப்பாசிட்டாகப் போட்டார். ஆனால் ஒரே டெப்பாசிட்டாகப் போடவில்லை, ஐந்தாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு ரசீதையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, கவரின்மேல் நீல மையில் எழுதினார். ‘பாப்பா படிப்பு’ என்று ஒன்று. ‘வீட்டு ஓடு’ என்று ஒன்று. ‘அம்மா ஆஸ்பத்திரி’ என்று ஒன்று, பாட்டிக்கு அப்போது மூச்சுத் திணறல் இருந்தது. ‘தங்கச்சி சீர்’ என்று ஒன்று. கடைசிக் கவரில் ‘வேறு காணி’ என்று எழுதியிருந்தார். வருடா வருடம் புதுப்பிப்பார். ஒரு கவரின் பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கமாட்டார். ஒருமுறை மழை இல்லாமல் மாடு விற்கவேண்டி வந்தபோதுகூட என் படிப்புக் கவரைத் தொடவில்லை. நான் பி.காம். முடித்தது அந்தக் கவரில்தான். ‘வேறு காணி’ கவர் மட்டும் அப்படியே இருந்து தேய்ந்துவிட்டது. நிலத்தின் விலை அவர் டெப்பாசிட்டின் வட்டியைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பணத்தைக் குறுகியகால முதலீட்டில் வைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கிறவள் அப்படிச் சொல்லமாட்டேன். சம்பளம் கொடுக்கவேண்டும், நிலக்கரி விலை திடீரென்று ஏறும், மழைக்காலத்தில் சிமென்ட் விற்பனை படுத்துவிடும், கையில் பணம் இல்லாவிட்டால் ஆலை நின்றுவிடும். ஆலை நின்றால் எங்கள் ஊர்ப் பையன்களுக்குத்தான் முதலில் வேலை போகும். ஆனால் தேவைக்கு மேல் இருக்கும் பணம் எதற்காக இருக்கிறது என்று அதன்மேல் எழுதியிருக்கவேண்டும். நாலாம் வகுப்புவரை படித்த என் அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. பட்டயக் கணக்காளர்களும் வங்கித்துறையில் உயர்பதவி வகித்தவர்களும் இருக்கும் உங்கள் குழு அதைச் செய்யவில்லை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டில் உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் துத்தநாகம் வெட்டும் ஹிந்துஸ்தான் ஜிங்க் பல வருடமாகப் பல்லாயிரம் கோடி ரூபாயை முதலீடுகளாகச் சேர்த்து வைத்திருந்தது. 2016 மார்ச்சில் பங்குக்கு 24 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் அறிவித்தார்கள். வரியோடு சேர்த்து 12,205 கோடி ரூபாய் வெளியே போனது. அடுத்த வருடம் மார்ச்சில் பங்குக்கு 27.50 ரூபாய், வரியோடு 13,985 கோடி. சட்டப்படியான முடிவுகள்தான், 29.5 சதவீதப் பங்கு வைத்திருந்த மத்திய அரசுக்கும் அதில் பணம் போனது. நான் யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பெயர் எழுதாத பணத்துக்குப் பெரிய பங்குதாரர் ஒருநாள் தன் தேவையைப் பெயராக எழுதுவார், அந்தச் சமயத்தில் குழி ஓரத்தில் இருப்பவர்களை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு அதிலிருந்து புரிந்தது. உங்கள் நிறுவனத்திலும் பாதிக்கு மேல் பங்கு ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. என்னிடம் 50 இருக்கிறது.

இன்னொன்று, குறுகியகாலம் என்றால் ஆபத்து இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தராமல் நின்றபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த லிக்விட் ஃபண்டுகளின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியதைப் பார்த்தோம். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. 25,000 கோடிக்கு மேற்பட்ட பணம் சிக்கிக்கொண்டது. பெரும்பகுதி பிறகு வந்துசேர்ந்தது, ஆனால் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்த மாதங்களில் தினமும் போன் செய்து கேட்பார். நீங்கள் அந்தமாதிரி ரிஸ்க் எடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். குழி ஓரத்தில் கல்தூண் நடுவதில் என்ன ரிஸ்க் பார்த்தீர்கள்?

நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 179-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் பணத்தை முதலீடு செய்வது இயக்குநர் குழுவின் அதிகாரம். நீங்களே செய்தாலும், நிர்வாக இயக்குநருக்கோ ஒரு கமிட்டிக்கோ எழுதிக் கொடுத்தாலும், அது உங்கள் தீர்மானத்தின் பேரில்தான் நடக்கிறது. அதனால் இது நிதிப் பிரிவு எடுத்த முடிவு என்று சொல்லமுடியாது. அதே சட்டத்தின் 166-ஆம் பிரிவு இயக்குநரின் கடமையைச் சொல்லும்போது பங்குதாரர்களோடு நிறுத்தவில்லை. ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. சமூகம் என்று சட்டம் சொல்லும்போது அதற்குள் என் அத்தையும் இருக்கிறார்.

உங்கள் நிர்வாகத்தில் ஒருவர் எங்கள் ஊர்க் கூட்டத்தில் சொன்னது நினைவிருக்கிறது: குழியை மூட மண்ணுக்கு எங்கே போவது, கல்தான் போய்விட்டதே என்றார். நியாயமான கேள்வி. முழுக்குழியையும் மூடச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. அரியலூர் கல் என்பது பல கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தபோது சேர்ந்தது, சின்ன வயதில் மைன்ஸ் குவியலில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடப்பதைப் பொறுக்கியிருக்கிறோம். போனது திரும்ப வராது என்று எங்களுக்கும் தெரியும். விளிம்பைச் சரிவாக்கி, படிப்படியாக மண் இறக்கி, மரம் நட்டு, ஒரு பக்கம் படித்துறை கட்டினால் அது ஓர் ஏரி மாதிரி நிற்கும். எங்கள் ஊர் ஏரியில் சித்திரையில் தண்ணீர் இருப்பதில்லை. குழியில் இருக்கிறது. ஆடு மாடு இறங்கிக் குடிக்க ஒரு வழி இல்லாததால் அந்தத் தண்ணீரால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை, பயம் மட்டும்தான்.

நான் கேட்பவை இவை.

முதலாவது, அந்தக் குழியைச் சுற்றியும், எங்கள் ஒன்றியத்தில் நீங்கள் கல் எடுத்து முடித்து விட்டுவிட்ட மற்றக் குழிகளைச் சுற்றியும், வரும் ஐப்பசி மழைக்கு முன்னால் வேலி முடியவேண்டும். சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டாமல், சுரங்கச் செலவாக. பள்ளிக்கூடக் குறுக்கு வழி போகும் பக்கத்தை முதலில் தொடங்குங்கள்.

அடுத்தது, இப்போது குறுகியகால முதலீடுகளில் இருக்கும் பணத்திலிருந்து ஒரு தொகையைப் பிரித்து, ‘சுரங்க மீளமைப்பு நிதி’ என்ற பெயரில் தனிக் கணக்கில் வைக்க உங்கள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். அது லிக்விட் ஃபண்டிலேயே இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டிவிடெண்டுக்கோ குழும நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கவோ அதிலிருந்து எடுக்கக்கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதவேண்டும். தொடக்கத் தொகை, இன்றைய மதிப்புக்குக் குறைக்காத முழு மீளமைப்பு மதிப்பீட்டில் கால்வாசிக்குக் குறையக்கூடாது. மிச்சத்தை எத்தனை வருடத்தில் சேர்ப்பீர்கள் என்ற அட்டவணையும் வேண்டும். அடுத்த ஆண்டறிக்கையில் நடப்பு முதலீடுகளுக்கான குறிப்பில் அது தனி வரியாகத் தெரியவேண்டும்.

ஒவ்வொரு குழிக்கும் நீங்கள் அரசிடம் கொடுத்திருக்கும் மூடல் திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். எந்த வருடம் எந்த வேலை, எவ்வளவு செலவு, இதுவரை எவ்வளவு முடிந்தது என்று இருந்தால் போதும். கிராம சபையில் வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் சுரங்க மேலாளர் வந்து பதில் சொல்லவேண்டும்.

அத்தையின் பேரனுக்கு ஆன மருத்துவச் செலவின் பில்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தனிக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அதை நல்லெண்ண உதவி என்று தராதீர்கள், உங்கள் வேலி இல்லாததால் நடந்த விபத்துக்கான இழப்பீடு என்று எழுதித் தாருங்கள். அத்தை அந்தக் காகிதத்தைப் படிக்கமாட்டார், நான் படித்துக் காட்டுவேன்.

இந்த நான்குக்கும் எழுத்தில் பதிலை ஆண்டுக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னதாக எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் வேலி பற்றிய புகாரைச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கும், மூடல் திட்டம் பற்றியதை இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கும், குழியின் புகைப்படங்களோடும் உங்கள் கடிதத்தின் நகலோடும் அனுப்புவேன். கூட்டத்தில் பேச இந்த வருடமும் பெயர் பதிவு செய்கிறேன். போன வருடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நிறுவனத்தின் 50 பங்குகளை வைத்திருப்பவள்,
1996-ல் உங்களுக்கு இரண்டரை ஏக்கர் எழுதிக் கொடுத்தவரின் மகள்,
அரியலூர் மாவட்டம்